பிளஸ் டூ பசங்க, கல்குவாரி, சந்தேக மரணம்: இந்த திரில்லரில் ஓட்டை எங்கே?

கரிசல்மை:
இளையோருக்கான திரில்லர் நாவல் ஒன்று எழுதுகிறேன். பிப்ரவரி மாதம், பொதுத்தேர்வு நெருங்குகிறது. பிளஸ் டூ படிக்கும் ஐந்து பேர் (ஒருத்தி மட்டும் பெண்) சிறப்பு வகுப்பைக் கட் அடித்துவிட்டு, தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரிக்குப் போகிறார்கள். நாலு பேர்தான் திரும்புகிறார்கள். மறுநாள் காலை ஐந்தாமவன் உடல் மிதக்கிறது. சாயங்காலமே போஸ்ட்மார்ட்டம். 'நுரையீரலில் தண்ணீர் இல்லை, அதனால் கொலை' என்கிறார் டாக்டர். இன்ஸ்பெக்டர் நாலு பேரையும் விடிய விடிய ஸ்டேஷனில் வைத்து விசாரிக்க, ஒருவன் ஒப்புக்கொள்கிறான். ஆளுக்கொரு ரகசியம் உண்டு, அது இன்னும் கதையோடு ஒட்டவில்லை. எங்கெல்லாம் இடிக்கிறது?

வெள்ளைக்கோட்டு:
முதலில் இடிப்பது அந்த மிதப்பு. கோடையில் ஏறக்குறைய ஒரே நாளில் மிதந்துவிடும். பிப்ரவரியில், ஆழமான குவாரியின் அடித்தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்போது மறுநாள் காலையே மேலே வருவது சந்தேகம். இரண்டு மூன்று நாள் கொடுங்கள். அல்லது கரையில் யாரோ எதையோ பார்த்துச் சொல்ல, தீயணைப்புத் துறையினர் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவி எடுக்கட்டும். இதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. கரண்டியின் கொக்கி உடம்பைக் கிழிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது கத்திக்குத்து மாதிரி தெரியும், ஊர் முழுக்கப் பரவிவிடும். அறுத்துப் பார்த்தால் காயத்தைச் சுற்றிய தசைக்குள் ரத்தம் கசிந்து உறைந்திருக்காது, அதாவது செத்த பிறகு பட்டது. மேலேயிருந்து குதிக்கும்போது பாறைப் படியில் தலை மோதியிருந்தால் அங்கே கசிவு இருக்கும். தவறி விழுந்தானா, தள்ளிவிட்டார்களா என்பதை மட்டும் அந்தக் காயம் சொல்லாது. திரில்லருக்கு அதுதானே வேண்டும்?

நுரையீரலில் தண்ணீர் இல்லை என்பதற்காக யாரும் கொலை என்று எழுதிவிட மாட்டார்கள். தண்ணீர் பட்டதும் குரல்வளை இறுகி அடைத்துக்கொண்டால், மூழ்கிச் செத்தவனுக்கும் அப்படி இருக்கும். மூக்கிலும் வாயிலும் துடைக்கத் துடைக்க வரும் நுண்ணிய வெள்ளை நுரை, கையில் இறுகப் பிடித்த பாசி, இவையெல்லாம் உயிரோடு மூழ்கியதற்கு அடையாளம். ஊறிச் சுருங்கிய உள்ளங்கை எதற்கும் அடையாளம் இல்லை, பிணத்தைப் போட்டாலும் அப்படித்தான் ஆகும்.

டாக்டர் அன்றைக்கு எழுதுவது 'ரசாயன ஆய்வு அறிக்கை வந்தபின் கருத்து' என்பதாகத்தான் இருக்கும். வயிறு, சிறுகுடலின் மேல்பகுதி ஒரு ஜாடியில். கல்லீரல், சிறுநீரகத் துண்டுகள் இன்னொன்றில். உப்புக்கரைசலில் போட்டு சீல் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். டயாட்டம் (தண்ணீரில் வாழும் நுண்பாசி) சோதனைக்கு மார்பெலும்போ தொடையெலும்போ எடுப்பார்கள். அதே குவாரியின் தண்ணீரும் கூடப் போக வேண்டும். தண்ணீர் எடுக்க மறந்துவிட்டால் எலும்பில் டயாட்டம் கிடைத்தாலும் ஒப்பிட எதுவும் இல்லை.

'சாயங்காலமே' என்பதும் சிக்கல். 2021 நவம்பரில் இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய அரசு சொன்னது, ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது (சட்டம் ஒழுங்கு பிரச்சினை என்றால் தவிர). பெற்றோர் ஜி.எச். மார்ச்சுவரி வாசலில் ஓர் இரவு உட்கார வேண்டியிருக்கும். அந்த அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள்.

மகஜர்மணி:
2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் கதை என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு என்று எழுதாதீர்கள், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194. முதல் எஃப்.ஐ.ஆர். 'சந்தேக மரணம்' என்றுதான் விழும். கொலை என்று முகாந்திரம் கிடைத்தால் பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 103-க்குப் பிரிவை மாற்றி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போகும்.

விடிய விடிய விசாரணை வேண்டாம். சாட்சியாக என்றால் 15 வயது தாண்டிய பையன்களைக் கூப்பிடலாம். பெண்ணை ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது, வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். சந்தேக நபர் என்று ஆகிவிட்டால் 18-க்குக் கீழே லாக்கப் கிடையாது, விலங்கு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 16 முடிந்தவர் மீது கொடுங்குற்றம் என்றால் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிடும். போலீசிடம் தந்த ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது. அதைக்கொண்டு கண்டெடுத்த பொருள் நிற்கும்.

நான் எழுதினால் நால்வரில் ஒருவனுக்கு ஜனவரியிலேயே 18 முடிந்திருக்கும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நால்வரில் மூவருக்குக் குழுமம், இவனுக்கு மட்டும் ஜெயில். அவன் யாரைக் காட்டிக்கொடுப்பான்?

நடுப்பக்கம்:
ரகசியங்கள் ஒட்டாததற்குக் காரணம், அவை மனசுக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தடயத்தைக் கெடுக்கட்டும். பாட்டில் வாங்கி வந்தவன் அதை மறைக்கிறான். உடல் அழுகும்போதும் கொஞ்சம் ஆல்கஹால் தானாக உண்டாகும், எனவே அறிக்கை வந்தாலும் வாதம் முடியாது. தன் படம் அதில் இருக்கிறதே என்று செத்தவன் போனை எடுத்துக்கொண்டவள் உடனே அணைக்க மறக்கிறாள். இரண்டு போனும் ஒரே வரிசையில் ஒரே டவர்களைத் தொட்டு ஊருக்குள் வந்திருப்பதை சி.டி.ஆர். (போன் கம்பெனி தரும் அழைப்புப் பதிவு) காட்டிக்கொடுக்கும். வாட்ஸ்அப் கால் மட்டும் அதில் வராது. குரூப்பில் எல்லோருக்கும் அழித்த மெசேஜ், அழிக்கப்பட்டது என்ற வரியை நேரத்தோடு விட்டுவிட்டுப் போகும்.

போஸ்ட்மார்ட்டம் மறுநாள், சி.டி.ஆர். சில நாளில், ஆய்வக அறிக்கை வாரக்கணக்கில். காகிதம் வரும் வரிசையிலேயே ரகசியங்களும் உடையட்டும்.

கரிசல்மை:
அப்படியானால் கொலையே இல்லாமலும் முடிக்கலாமா? வெறும் விபத்து, பயத்தில் மறைத்தார்கள் என்று?

மகஜர்மணி:
தாராளமாக. தடயத்தை மறைத்ததற்கு பி.என்.எஸ். 238 போடுவார்கள், ஆனால் மூலக்குற்றமே நடக்கவில்லை என்றால் அது நிற்பது கஷ்டம். வக்கீல் அங்கேதான் அடிப்பார். ஆனால் போலீசுக்கு முதலில் சந்தேகம் வரச் சின்னதாக ஒன்று வேண்டும். பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் அறிக்கை) கரையில் கிடந்தது எல்லாம் எழுதுவார்கள்: சட்டை, பை, சிகரெட் துண்டு. குளிக்கப் போனவன் செருப்போடு தண்ணீரில் இறங்க மாட்டான். உடலின் காலில் செருப்பு இல்லை, கரையிலும் இல்லை.

கரிசல்மை:
செருப்பை யார் எடுத்தது என்று இப்போதே தெரிந்துவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதப் போகிறேன்.