ஃபிளெக்ஸ் சென்சார் வளைத்தாலும் ஒரே எண் காட்டுகிறது, அவசரம்!!

ஃபைனல்இயர்_ஈசிஇ: முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று காட்டும் பட்டை செய்கிறோம். அதில் ஃபிளெக்ஸ் சென்சார், அதாவது வளைத்தால் மின்தடை மாறும் பட்டைச் சென்சார், வைத்திருக்கிறோம். நேற்று வரை நன்றாக வேலை செய்தது. இன்று காலை மடக்கினாலும் நீட்டினாலும் எண் அசையவே இல்லை. கோடில் எதையும் மாற்றவில்லை. நாளை ரிவ்யூ. யாராவது சொல்லுங்கள் அண்ணா.

ஈயப்பற்று: என்ன போர்டு? எந்த பின்? கூட என்ன ரெசிஸ்டர்?

வியர்வைக்காரன்: தோலை ஒட்டிக் கட்டினீர்களா? வியர்வை இறங்கி ஷார்ட் ஆகியிருக்கும். எனக்கு வந்த எல்லாக் கோளாறுக்கும் அதுதான் காரணம்.

ஓம்ஸ்லா_ஓனர்: வருடாவருடம் ரிவ்யூவுக்கு முந்தின நாள் இதே கேள்வி. வோல்டேஜ் டிவைடர் (சென்சாரோடு இன்னொரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து வோல்டேஜைப் பிரிப்பது) என்றால் என்னவென்று படித்துவிட்டு வரவும். சென்சாரை நேராகப் பின்னில் சொருகினால் எண் எப்படி மாறும்?

ஃபைனல்இயர்_ஈசிஇ: டிவைடர் போட்டிருக்கிறேன் சார், 10 கே. போர்டு ஈஎஸ்பி32.

ஈயப்பற்று: சரி, சென்சாரைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் வை. 4.5 அங்குலம் என்றால் நேராக இருக்கும்போது சுமார் 10 கிலோ ஓம், மடக்கினால் ஏற வேண்டும். பின்கள் இருக்கும் அடிப்பக்கம் வளைந்தால் உள்ளே இணைப்பு விட்டுவிடும், அங்கே டேப் சுற்றி விறைப்பாக்கு. எந்த பின் என்று இன்னும் சொல்லவில்லை.

ஃபைனல்இயர்_ஈசிஇ: மீட்டரில் 11 கே, மடக்கினால் 19 கே. பின் 4. போனில் பார்க்க வைஃபை மட்டும் சேர்த்தேன், மற்றபடி அதே கோடுதான்.

ஈயப்பற்று: அந்த "மட்டும்"தான் விஷயமே! ஏடிசி என்றால் பின்னில் வரும் வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி, இந்த போர்டில் இரண்டு உண்டு. பின் 4 ஏடிசி2-வைச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அதை நம்பிப் படிக்க முடியாது. 32 முதல் 39 வரை ஏடிசி1, அதில் ஒன்றுக்கு மாற்று. 34 போதும்.

ஐஎம்யூ_ஆதரவு: எதற்கு இந்தத் தலைவலி? தொடையில் ஒரு எம்பியூ6050 (அசைவையும் சாய்வையும் அளக்கும் ஐஎம்யூ சென்சார்), கெண்டைக்காலில் ஒன்று. இரண்டின் கோணத்தையும் கழித்தால் முடிந்தது.

பிசியோ_மதுரை: பட்டை கொஞ்சம் நகர்ந்தால் அந்தக் கோணமும் போச்சு. நோயாளி ஒவ்வொரு முறை கட்டும்போதும் ஒரே இடத்தில் கட்டுவாரா? மூட்டுக் கோணம் அளக்கும் கோனியோமீட்டரை வைத்துச் சரிபார்க்காமல் எதையும் நம்பமாட்டேன்.

ஐஎம்யூ_ஆதரவு: ஃபிளெக்ஸ் மட்டும் நகராதா? வளைத்து நிமிர்த்தினால் பழைய எண்ணுக்கே திரும்பி வராத சாமான் அது.

பிசியோ_மதுரை: நகரும், நான் இல்லை என்று சொல்லவில்லையே. மடக்கும்போது முட்டிமேல் தோல் இழுபடும். சென்சாரின் இரு முனையையும் தைத்தால் அதுவும் சேர்ந்து இழுபட்டுக் கிழியும். ஒரு முனையைத் தைத்து, மறுமுனையைத் துணிப்பையில் வழுக்க விடவேண்டும்.

ஓம்ஸ்லா_ஓனர்: டேட்டாஷீட் படித்திருந்தால் இந்த இழையே தேவையில்லை.

வியர்வைக்காரன்: வியர்வையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபைனல்இயர்_ஈசிஇ: 34-க்கு மாற்றினேன், வருகிறது. நன்றி அண்ணா 🙏

பிசியோ_மதுரை: தம்பி, இரு முனையையும் தைத்திருக்கிறாயா?

ஐஎம்யூ_ஆதரவு: ஆள் போயாச்சு. நீங்கள் சொல்லுங்கள், கோனியோமீட்டரை வைக்கிற கை மட்டும் நகராதா?