டோப்பிங் கூடக் கூட ஈ.எஸ்.ஆர் சிக்னல் குறைகிறது: பைபோலரான்தானா?

கேள்வி:
வணக்கம். பாலிதயோஃபீன் வகைப் படலத்தை ஃபெரிக் குளோரைடு கரைசலில் நனைத்து டோப் செய்கிறேன் (எலக்ட்ரான்களைப் பிடுங்கிக் கடத்த வைக்கிறேன்). கடத்துத்திறன் ஏறிக்கொண்டே போகிறது. ஈ.எஸ்.ஆர் (ஜோடி சேராத எலக்ட்ரான்களின் ஸ்பின்னை அளக்கும் முறை) சிக்னலோ முதலில் வளர்ந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்குகிறது. மின்னூட்டத்தைச் சுமப்பவை போலரான்கள் (சங்கிலியில் ஸ்பின்னோடு இருக்கும் மின்னூட்டங்கள்) என்றால் ஸ்பின்னும் கூடத்தானே வேண்டும்? பாலிஅசிட்டிலீனில் ஸ்பின் இல்லாத சாலிட்டான்கள் மின்னூட்டத்தைச் சுமக்கும் என்று படித்தேன். இங்கேயும் அதுவா, இல்லை பைபோலரானா? நிறமாலையில் 800 நானோமீட்டர் அருகே புதிய பட்டை தெரிகிறது. கருவி 1100 வரைதான் அளக்கும்.

பதில் 1:
சாலிட்டானை விட்டுவிடுங்கள். டிரான்ஸ் பாலிஅசிட்டிலீனில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் இடம் மாறினாலும் ஆற்றல் மாறாது. அதனால் இரு அமைப்புகளுக்கும் நடுவிலுள்ள எல்லை, அதாவது சாலிட்டான், சங்கிலியில் தனியாக நகர முடியும். சூ, ஷ்ரீஃபர், ஹீகர் மூவரும் 1979-இல் காட்டியது இதைத்தான். தயோஃபீன் வளையத்தில் பிணைப்புகள் இடம் மாறினால் கினாய்டு வடிவம் வரும், அதற்கு ஆற்றல் அதிகம். எல்லை தனியே விலகிப் போனால், நடுவில் சிக்கும் ஒவ்வொரு வளையமும் ஆற்றலைக் கூட்டும். ஆகவே இரண்டு எல்லைகள் சேர்ந்தேதான் இருக்கும். அந்த ஜோடியிலிருந்து ஓர் எலக்ட்ரான் போனால் போலரான், ஸ்பின் 1/2. இரண்டு போனால் பைபோலரான், ஸ்பின் பூஜ்யம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் பைபோலரான் என்று முடிவு கட்டும் முன் அளவீட்டைப் பாருங்கள். இறங்குவது சிக்னலின் உயரமா, இருமுறை தொகையிட்ட பரப்பா? உங்கள் எதிரயனி (சங்கிலியின் மின்னூட்டத்தைச் சமன் செய்யும் அயனி) டெட்ராகுளோரோஃபெரேட். அதிலுள்ள இரும்பின் ஸ்பின் 5/2. அது அகன்ற பின்னணி சிக்னலைத் தரும், பக்கத்திலுள்ள போலரானின் கோட்டையும் அகலமாக்கக்கூடும். வகைக்கெழுக் கோட்டின் அகலம் இரு மடங்கானால், ஸ்பின் எண்ணிக்கை மாறாமலே உயரம் கால்பங்காகிவிடும்! நன்றாகக் கடத்தும் படலம் மைக்ரோவேவை உறிஞ்சி கேவிட்டியின் (மாதிரியை வைக்கும் அறையின்) தரத்தையும் கெடுக்கும். தெரிந்த ஒரு குறிப்பு மாதிரியைக் கூடவே வைத்து அளங்கள்.

கேட்டவர்:
நன்றி. உயரம்தான் அது. பரப்பைக் கணக்கிட்டு, குறிப்பு மாதிரியை வைத்துத் திருத்தினால் இறக்கம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு செங்குத்தாக இல்லை. அப்போ மிச்சம் பைபோலரான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 2:
இன்னும் இல்லை. அடுத்தடுத்த சங்கிலிகளில் உள்ள இரண்டு போலரான்கள் எதிரெதிர் ஸ்பின்னோடு இணைந்தாலும் (π-டைமர்) ஈ.எஸ்.ஆரில் தெரியாது. அதிக டோப்பிங்கில் உலோகத்தன்மை வந்தாலும் ஒரு எலக்ட்ரானுக்கான காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்துக்கு ஸ்பின்கள் எவ்வளவு இசைகின்றன என்பது) சரியும்.

பிரித்தறிய அகச்சிவப்புக்குப் போகணும். 800 நானோமீட்டர் என்பது சுமார் 1.55 எலக்ட்ரான் வோல்ட், போலரானின் மேல் பட்டை. கீழ்ப் பட்டை அரை எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருப்பதால் உங்கள் கருவிக்கு எட்டாது. பைபோலரான் வந்தால் ஆற்றல் மட்டங்கள் ஆற்றல் இடைவெளியின் நடுப்பக்கம் நகரும், கீழ்ப் பட்டை மேலே ஏறும், மேல் பட்டை மங்கும். இரண்டு பட்டைகளும் பெரிதாக மாறாமல் ஸ்பின் மட்டும் குறைந்தால் எனக்குப் போலரான்கள் π-டைமராக ஜோடி சேர்வதன் மீதுதான் சந்தேகம்.

அப்புறம் குளிர்வித்தும் அளங்கள். வெப்பநிலையோடு ஏற்புத்திறன் அதிகம் மாறாவிட்டால் பௌலி (Pauli) வகை, அதாவது உலோகம் போன்றது. தலைகீழ் விகிதத்தில் கூடினால் கியூரி வகை, தனித்து நிற்கும் ஸ்பின்கள்.

முடிந்தால் அயோடினிலும் ஒரு படலத்தை டோப் செய்து ஒப்பிடுங்கள், இரும்பின் குறுக்கீடே இருக்காது. ஈரக்காற்றில் டோப்பிங் இறங்கும் என்பதால் கடத்துத்திறன், ஈ.எஸ்.ஆர், நிறமாலை மூன்றையும் ஒரே படலத்தில் இடைவெளி விடாமல் எடுத்துவிடுங்கள்.