இத்தாலியச் சிற்பி செல்லினியைப் பற்றிய ஆப்பராவை (இசை நாடகம்) நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

நான் பார்த்தது 2014இல், லண்டன் கொலிசியம் அரங்கில். கூட வேலை செய்பவருக்கு வர முடியாமல் போக, அவருடைய டிக்கெட் என்னிடம் வந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸின் 'பென்வெனுட்டோ செல்லினி' என்றார்கள். எனக்கு இரண்டு பெயருமே புதிது. மேடையேற்றியவர் மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் டெரி கில்லியம். முன்னிசை முடிவதற்குள்ளேயே ராட்சசத் தலைகளும் வித்தைக்காரர்களுமாக ஊர்வலம் வந்துவிட்டது. மேலேயிருந்து காகிதத் துணுக்கு மழை வேறு. இரவு சட்டையைக் கழற்றும்போதும் காலரிலிருந்து நாலு துணுக்கு விழுந்தது.

திருவிழாக் காட்சியில்தான் திணறிப்போனேன். செல்லினி துறவி வேடத்தில் காதலியைக் கடத்த வருகிறான்; எதிராளியும் அதே வேடத்தில் வருகிறான். யார் பாடுகிறார் என்று தேடுவதற்குள் வரி முடிந்துவிடுகிறது. கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனால் கடைசி உலைக்களக் காட்சி! போப் கேட்ட பெர்சியஸ் (கிரேக்கப் புராண வீரன்) சிலைக்கு உலோகம் போதவில்லை. தான் செய்து வைத்த சிற்பங்களை எல்லாம் தூக்கி உலையில் போடச் சொல்கிறான். அதுவரை அலட்டல் பேர்வழியாகத் தெரிந்தவன் அங்கேதான் எனக்குக் கலைஞனாகத் தெரிந்தான்.

—

நீங்கள் சொன்ன அதே தயாரிப்பை நான் 2018இல் பாரிஸின் பஸ்தீ ஆப்பரா அரங்கில் பார்த்தேன். எனக்கு அந்தக் கூச்சல்தான் பிடித்தது. இசையே அப்படித்தானே ஓடுகிறது? இதே பாரிஸில்தான் 1838 செப்டம்பர் 10 அன்று, முதல் அரங்கேற்றத்தில், முன்னிசைக்கு மட்டும் கைதட்டிவிட்டு மற்றதற்கெல்லாம் விசிலடித்தார்கள். நம்மூர் விசில் இல்லை, விரட்டுகிற விசில். 1852இல் இசையமைப்பாளர் லிஸ்ட் ஜெர்மனியின் வைமாரில் மறுபடி எடுத்துப் போட்டார். நான் போன அன்று என் பக்கத்து இருக்கைப் பாட்டி எழுந்து நின்று கைதட்டினார்.

—

உங்கள் இருவரையும் போல நான் ஆப்பரா பார்த்ததில்லை, சிலையைப் பார்த்திருக்கிறேன். கதை ரோமில் நடந்தாலும் நிஜ பெர்சியஸ் சிலை இருப்பது ஃபுளோரன்ஸில். 1554இல் திறந்தது, கேட்டவரும் போப் இல்லை, அந்த ஊர் ஆட்சியாளர் கோசிமோ. செல்லினி தன் வரலாற்றில் எழுதியபடி, உலைக்குள் போனவை சிற்பங்கள் அல்ல, வீட்டில் இருந்த வெள்ளீயத் தட்டு, கிண்ணம், சுமார் 200. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலக் குழம்பு இளகி ஓடும் என்பதால் அது வேலைக்கு ஆகிற யோசனைதான். ஆனால் தட்டைப் போட்டால் மேடையில் யார் அழுவார்கள்?

அங்கே போனால் பின்பக்கமும் சுற்றிப் பாருங்கள். பெர்சியஸின் தலைக்கவசத்தின் பின்புறத்தில் தாடி வைத்த ஒரு முகம் தெரியும். அது செல்லினியேதான் என்கிறார்கள்.