மூழ்கிய கப்பலுக்கு மேலே ஒரு ஜனவரிப் பகல்

இந்த இழையில் ஆளுக்கு ஒரு கடல் அனுபவம் எழுதுகிறீர்கள், என் பங்குக்கு இது. 2025 ஜனவரி, இங்கிலாந்தின் தென்கரையில் டார்ட்மவுத். எட்டுப் பேர் பணம் போட்டு ஒரு படகை வாடகைக்கு எடுத்து, மூழ்கிய கப்பல் மேல் மீன் பிடிக்கப் போனோம். மூழ்கிய கப்பலை இங்கே 'ரெக்' என்பார்கள்.

காற்றால் இரண்டு தேதிகள் தள்ளிப் போயின. மூன்றாவதாக, படகை ஓட்டும் ஸ்கிப்பர் கொடுத்த நாளை நாட்காட்டியில் பார்த்துவிட்டு, என்னோடு வேலை பார்க்கும் தூத்துக்குடி அண்ணன், "நவமியாச்சே தம்பி" என்றார். ரெக்குக்கு அதுதான் நல்ல நாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் தூண்டிலின் ஈயக் குண்டு தரையில் நிற்காது, படகும் நிமிடத்தில் கப்பலைத் தாண்டிவிடும். அரைநிலா நாட்களில்தான் கடல் கொஞ்சம் நின்று பேசும்.

விடியும் முன் கிளம்பி இரண்டரை மணி நேர ஓட்டம். இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த கப்பல்கள் இந்த ஆங்கிலக் கால்வாய் முழுக்கக் கிடக்கின்றன. வழியில் ஸ்கிப்பர் மெதினா கப்பலைப் பற்றிச் சொன்னார். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை டெல்லி தர்பாருக்கு ஏற்றிச் சென்ற கப்பல். 1917 ஏப்ரல் 28 அன்று, பிளிமத்தில் பயணிகளை இறக்கிவிட்டு லண்டனுக்குப் போகும்போது ஸ்டார்ட் முனைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 6 பேர் இறந்தார்கள். அதோடு மூழ்கிய சாமான்களில் கார்மைக்கேல் பிரபுவினுடையதும் உண்டு. 1911-12ல் சென்னை மாகாண ஆளுநராகவும், பிறகு வங்காள ஆளுநராகவும் இருந்தவர். நம்மூர்ப் பெயர் அந்தக் குளிரில் காதில் விழுந்ததும் எனக்கு என்னவோ செய்தது.

நாங்கள் நின்றது வேறொரு சரக்குக் கப்பலுக்கு மேலே. 60 மீட்டருக்குமேல் ஆழம், சுற்றிலும் வெறும் மணல்தரை. ஊர்ப்பக்கம் மீன் 'பார்' என்கிற கடலடிப் பாறையைத் தேடிக் கூடுகிற மாதிரி, இங்கே கப்பல் இரும்பைத் தேடிப் பொல்லாக் என்ற மீன் கூடுகிறது. படகை நீரோட்டத்துக்கு மேல்பக்கம் நிறுத்தி, இழுத்துப்போக விட்டு, ஸ்கிப்பர் "விடுங்க" என்பார். ஈயம் தரையைத் தட்டியதும் ரீலை ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டு ஏற்ற வேண்டும். ஈயத்துக்குப் பின்னால் மூன்று மீட்டர் தூண்டில் நரம்பில் ரப்பர் மீன் வாலாட்டி வரும். முதல் கடியிலேயே சுண்டிவிட்டேன், போயிற்று. "சுண்டாத தம்பி, அதே வேகத்துல சுத்திட்டே இரு. அதுவா திரும்பும்" என்றார் அண்ணன்.

மூன்றாவது ஓட்டத்தில், இருபத்திரண்டாவது சுற்று. யாரோ நரம்பைக் கிள்ளிப் பார்ப்பது போல இரண்டு தரம். விடாமல் சுற்றினேன். அடுத்த நொடி கோல் நுனி தண்ணீருக்குள். பிடிபட்ட பொல்லாக் நேராக இரும்புக்குத்தான் பாயும், அங்கே போய்விட்டால் நரம்பு அறுந்த மாதிரிதான். கை மரத்துப் போயிருந்ததால் ரீல் பிடியைப் பார்த்துப் பார்த்துத்தான் சுற்ற முடிந்தது. மூன்று பாய்ச்சலுக்குப் பிறகு கனம் மட்டும் மிஞ்சியது. பித்தளை நிற விலா, துருத்திய கீழ்த்தாடை, பெரிய கண். வயிறு பலூன் போல ஊதியிருந்தது.

அந்த வயிற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆழத்திலிருந்து வேகமாக ஏறும்போது மீனின் காற்றுப்பை விரிந்துவிடுகிறது. திருப்பி விட்டாலும் பெரும்பாலும் கீழே இறங்க முடியாமல் மிதந்தே சாகும். குளிர்காலத்தில் இவை ரெக்குகளில் கூடுவது சினைக்காக. பொல்லாக் குறைந்துபோய், 2024-க்கு இங்கே ஒன்றுகூடப் பிடிக்க வேண்டாம் என்று சர்வதேசக் கடல் ஆய்வு மன்றமான ஐசிஇஎஸ் அறிவியலாளர்கள் பரிந்துரைத்தார்கள். எங்கள் ஸ்கிப்பர் ஆளுக்கு மூன்று என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார். மதியம் ஒரு மணி, மீன் விடாமல் கடிக்கிறது, அவர் எஞ்சினைப் போட்டுவிட்டார். இரண்டு பேருக்குக் கோபம். பிடித்ததைத் திருப்பிக் கடலில் விட்டுவிடுகிறோமே, இன்னும் பிடிக்கலாமே என்று கேட்டார்கள். மிதக்கும் மீனைக் கடற்காக்கைக்கு விட்டுவிட்டா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் செய்தது சரி என்று அன்றே அவரிடம் சொன்னேன்.

வீட்டில் அறுத்தபோது மூன்றில் இரண்டு சினை மீன்கள். சினையை மஞ்சள் தூளும் மிளகும் போட்டு வதக்கினோம். மீனைக் குழம்பில் போடாதீர்கள், உதிர்ந்துவிடும். வறுவல்தான்.

*

மேலே எழுதிய நண்பருக்கு: நான் நியூ ஜெர்சி. இங்கே குளிர்கால ரெக் மீன் டாட்டாக். பிடிக்கிற முறை அப்படியே தலைகீழ். நங்கூரம் போட்டு அசையாமல் நிற்போம், பச்சை நண்டைப் பாதியாக வெட்டிக் கோர்ப்போம், கடித்ததும் சுண்டித்தான் ஆக வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் பொந்துக்குள் போய்விடும். 2003-ல் மீனுக்காகவே கடலில் இறக்கிய பழைய நியூயார்க் சப்வே பெட்டிகள் மேலும் பிடித்திருக்கிறேன். இருபது மீட்டர் ஆழம்தான் என்பதால் டாட்டாக்கைத் திருப்பி விடலாம். மெதுவாக வளரும் மீன், பெரியதை நான் வைத்துக்கொள்வதில்லை. போன டிசம்பரில் ஒன்றை வாலைப் பிடித்துத் தலைகீழாக விட்டேன். கையுறையில் ஓங்கி ஓர் அடி, முகமெல்லாம் பனித்தண்ணீர், மீனைக் காணோம்.