புதுப்பிப்பு: கடைவீதியில் உள்ளூர் ஓவியங்கள்

சின்ன ஊர்களுக்குப் பயணிகளை வரவழைக்க, உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளைக் கடைவீதிக் கடைகளில் வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைத்துப் பார்த்துவிட்டோம். பலன் தெரிகிறது.

நான் எதிர்பார்க்காத சிக்கல் வெயில். ஜன்னலோரம் மாட்டிய நீர்வண்ண ஓவியத்தில் சிவப்பு வெளுக்கத் தொடங்கிவிட்டது; வரைந்தவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. சரி என்று அதை உள்சுவருக்கு மாற்றி, ஜன்னலில் வண்ணம் பூசாத சுடுமண் சிற்பங்களை வைத்தோம். சுட்ட மண்ணை வெயில் ஒன்றும் செய்யாது.

அப்புறம், எந்தக் கடையில் யாருடைய படைப்பு என்று ஒரு பக்க வரைபடம் அச்சிட்டோம். அதைக் கையில் பிடித்தபடி ஒரு குடும்பம் தெருக்கோடி வரை கடை கடையாக ஏறி இறங்கியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

விற்பனையில் யாருக்கு எவ்வளவு, சேதமானால் யார் பொறுப்பு என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.