டிசம்பர் 16: போர் நினைவுச் சின்னத்துக்கு அப்பாவை அழைத்துப் போகலாமா?

பெரம்பூர் மகள்:
அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட் 16-வது பட்டாலியன். 1971 பாகிஸ்தான் போரில், மேற்கு எல்லையில் சக்கர்கர் பக்கம், பசந்தர் ஆற்றைக் கடந்து போனவர்களில் ஒருவர். டிசம்பர் 16 என்றால் எல்லோரும் கிழக்கே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததைச் சொல்வார்கள். அன்றைக்கு அப்பாவின் ஆட்கள் சண்டையில் இருந்தார்கள். கூட இருந்தவர்கள் பலர் திரும்பவில்லை. இந்த வருடம் காமராஜர் சாலை நினைவுச் சின்னத்துக்குப் போகவேண்டும் என்கிறார். சக்கர நாற்காலியில்தான் வரமுடியும். உள்ளே விடுவார்களா?

ஓய்வுபெற்ற சுபேதார்:
கட்டாயம் அழைத்து வாருங்கள் அம்மா. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் அன்றைக்கு அங்கே நடக்கும் அஞ்சலி நிகழ்ச்சியே. ராணுவம் நடத்துவதால் பாதுகாப்புச் சோதனை இருக்கும். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை முக்கியம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, சக்கர நாற்காலி என்பதையும் தெரிவித்துவிடுங்கள். கோட்டை ஸ்டேஷன் கிட்டத்தில்தான், ஆனாலும் ஆட்டோவில் வருவதே நல்லது.

மலர்வளையம் வைப்பார்கள். பியூகிளில் (ராணுவ ஊதுகொம்பு) இறந்தவர்களுக்கான 'லாஸ்ட் போஸ்ட்' இசை ஒலிக்கும், அப்புறம் மௌனம், பிறகு மௌனத்தை முடிக்கும் 'ரௌஸ்' இசை. அந்த மௌனத்தில் யாரும் போன் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவின் பதக்கங்களை இடப்பக்க மார்பில் குத்திவிடுங்கள். தொப்பி இல்லையென்றால் சல்யூட் வேண்டாம். நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். பியூகிள் கேட்டதும் அழுதால் தடுக்காதீர்கள். நாங்கள் எல்லோரும் அழுகிறவர்கள்தான்.

மவுண்ட் ரோடுக்காரன்:
முதல் உலகப் போரின் வெற்றிக்காக எழுப்பிய சின்னம் அது. இரண்டாம் உலகப் போர், 1948 காஷ்மீர், 1962 சீனப் போர், 1965, 1971 பாகிஸ்தான் போர்கள் எல்லாம் பிறகு சேர்ந்தவை. கூட்டம் ஒத்துவராவிட்டால் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கும் ஒருநாள் அழைத்துப் போங்கள். 1952-இல் அமைத்தது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் 800-க்கும் மேல் அங்கே இருக்கிறார்கள். புல்வெளி, நிழல், அமைதி.

சுபேதார்:
நந்தம்பாக்கம் நல்ல இடம்தான் தம்பி, நானும் போவேன். ஆனால் 71 போருக்குப் போய்வந்தவருக்கு அன்றைக்குச் சக சிப்பாய்கள் பக்கத்தில் வேண்டும். "எந்த பட்டாலியன்?" என்று கேட்க நினைவுச் சின்னத்தில் ஆள் இருக்கும். வீட்டில் அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்?

பெரம்பூர் மகள்:
நன்றி ஐயா. அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகிறேன். அப்பாவின் செக்‌ஷனில் (சிறு படை அணி) இறந்த ஒருவருடைய தம்பி வேலூரில் இருக்கிறார். அவருக்கும் போன் செய்து வரச்சொல்லப் போகிறேன்; குடும்பத்தாருக்குத் தனி அனுமதி வேண்டுமா என்றும் அங்கேயே கேட்டுவிடுகிறேன்.