அக்காவுக்கு விதவை பென்ஷன் போட்டால், வருகிற ஆயிரம் நின்றுவிடுமா?

கட்டிங் டேபிள், திருப்பூர்

வணக்கம். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறேன். அக்கா வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். மாமா கொத்தனார். போன பங்குனியில் ஒரு நாள் சாரத்திலிருந்து இறங்கி டீ குடிக்க உட்கார்ந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்றார். திண்டுக்கல் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. 43 வயது. மூத்தவள் ஒன்பதாவது, சின்னவன் ஐந்தாவது. இரண்டு பேரும் அரசுப் பள்ளி.

அக்காவுக்கு 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வருகிறது. நூறு நாள் வேலைக்குப் போகிறாள், முருங்கை பறிக்கப் போகிறாள். இப்போது ஊரில் ஒருவர், "விதவை பென்ஷன் போட்டுத் தருகிறேன், 4,000 செலவாகும்" என்கிறார். இன்னொருவர், "பென்ஷன் போட்டால் ஆயிரம் நின்றுவிடும், இருப்பதையும் கெடுத்துக்கொள்ளாதே" என்கிறார். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் மாமியார் பென்ஷன் வாங்குகிறார், மருமகள் ஆயிரம் வாங்குகிறார். அது எப்படி?

அக்காவுக்கோ இதெல்லாம் ஒரு பக்கம். சான்றிதழில் 'ஆதரவற்ற விதவை' என்று எழுதுவார்களாமே, அந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கிறாள். "நீ இருக்கும்போது நான் எப்படிடா ஆதரவற்றவள்?" என்கிறாள். நான் மாதம் 3,000 அனுப்புகிறேன். ஆர்டர் இல்லாத மாதம் அதுவும் தவறிவிடுகிறது. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மூத்தவளை இங்கே கூட்டி வந்து நல்ல பிரைவேட் ஸ்கூலில் சேர்க்கலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

மணப்பாறை முறுக்கு

தம்பி, எனக்கும் இதே கதைதான், ஆறு வருடம் ஆகிறது. முதலில் அந்த 4,000 ரூபாய்க்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய்தான்.

விதவை பென்ஷன் இப்போது மாதம் 1,200. 2023 ஆகஸ்டுக்கு முன் ஆயிரம்தான் இருந்தது. ஒரே ஆள் பென்ஷனும் உரிமைத் தொகையும் சேர்த்து வாங்க முடியாது. எனவே அக்காவுக்கு ஆயிரம் நின்று 1,200 வரும். லாபம் 200 ரூபாய். மாமியார் மருமகள் விஷயம் வேறு. வீட்டில் ஒருவர் முதியோர் பென்ஷன் வாங்கினாலும், தகுதி உள்ள இன்னொரு பெண் ஆயிரம் வாங்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். அவர்கள் இரண்டு ஆள், உங்கள் அக்கா ஒரே ஆள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கணவரை இழந்தவரின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 தருகிற திட்டம் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்று பெயர். ஆபீசில் 'ஸ்பான்சர்ஷிப்' என்று சொன்னால்தான் புரிகிறது. ஒரு பிள்ளைக்கு 4,000, 18 வயது வரை. கிராமமாக இருந்தால் குடும்ப வருமானம் வருடம் 72,000-க்குள், நகரமாக இருந்தால் 96,000-க்குள் இருக்க வேண்டும். தாலுகா ஆபீசில் இதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் இது அவர்கள் வேலை இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். இடம் தெரியாவிட்டால் 1098-க்குப் போன் செய்து கேளுங்கள். நானே நான்கு வருடம் தெரியாமல் இருந்துவிட்டு, பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லித்தான் போனேன்.

என்னிடம் கேட்டவை: இறப்புச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஆதார், பள்ளியில் படிக்கிறார்கள் என்பதற்கு ஒரு கடிதம், பாஸ்புக். வீட்டுக்கு ஒரு அம்மா வந்து பார்த்தார், அடுப்படி வரை. கலெக்டர் தலைமையில் கமிட்டி கூடி முடிவு செய்கிறார்கள். எனக்கு எட்டு மாதம் ஆனது. நடுவில் சும்மா இருக்காமல் மாதம் ஒரு முறை போய்த் தலையைக் காட்டினேன்.

அந்த வார்த்தை என்னையும் குத்தியது தம்பி. மனுவில் அந்த வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இன்று வரை படித்ததில்லை.

பழைய ஈ-சேவை

முறுக்கு அக்கா சொன்னது சரி. வரிசையை மட்டும் நான் சொல்கிறேன், இதில்தான் பலர் அலைகிறார்கள்.

ரேஷன் கார்டில் மாமா பெயரை நீக்கி, அக்காவைக் குடும்பத் தலைவியாக மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். பிறகு புதிய வருமானச் சான்று. பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப்புக்கு மாமா இருந்தபோது எடுத்த பழைய சான்று வீட்டில் கிடக்கும். அதில் கொத்தனார் வருமானம் இருக்கும், அதைக் கொடுத்தால் 72,000 தாண்டி மனு அங்கேயே விழுந்துவிடும். வாரிசுச் சான்றுக்கும் இப்போதே போட்டு வையுங்கள், எங்கே போனாலும் கேட்பார்கள்.

ஆதரவற்ற விதவைச் சான்று கோட்டாட்சியர் தருவது. அதை வெறும் 200 ரூபாய்க் கணக்கில் பார்க்காதீர்கள். அக்கா பத்தாவது தேறியவர் என்றால் அரசு வேலை இட ஒதுக்கீட்டில் அது உதவும். சத்துணவு, அங்கன்வாடி ஆள் எடுக்கும்போதும் கேட்பார்கள்.

மாமா கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா? இயற்கை மரணத்துக்கும் பணம் உண்டு, ஈமச்சடங்குச் செலவும் உண்டு. அட்டை புதுப்பித்து இருக்கிறதா என்று பாருங்கள். மாமாவின் பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள். மே கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, எப்படி இறந்தாலும் 2 லட்சம்.

வைகைக்கரை

பெண்ணை மட்டும் பிரைவேட்டில் சேர்த்துவிடாதீர்கள் சகோ. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்திலும் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு. கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். ஒன்பதாவதில் மாற்றினால் ஒதுக்கீடு கையை விட்டுப் போகும். மற்றபடி பிரைவேட் ஸ்கூல் பீஸாகக் கட்ட நினைத்த பணத்தை ஊருக்கே அனுப்பிவிடலாம்.

கட்டிங் டேபிள், திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வந்தேன். ஸ்கூலை மாற்றவில்லை. 4,000 கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, இப்போது என்னைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

பாஸ்புக்கைப் பார்த்தோம். மாமா இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, மே மாதம் 436 பிடித்திருக்கிறது. அதற்கு அடுத்த மே மாதம் கணக்கில் 210 ரூபாய்தான் இருந்திருக்கிறது. பிடிக்கவில்லை, காப்பீடும் போயிற்று. அந்த மாதம்தான் நான் அவரிடம் ஆயிரம் கைமாற்று வாங்கியிருந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

வாரிய அட்டை பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது, புதுப்பித்த தேதி இன்னும் முடியவில்லை. புதிய வருமானச் சான்றுக்குப் பதிவு செய்துவிட்டோம். அக்கா பிள்ளைகளின் 4,000-க்கு உடனே சரி என்றாள். "அது பிள்ளைகள் பேரில்தானே" என்றாள். பென்ஷன் மனுவை மட்டும் மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அவசரப்படுத்தவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் லீவு சொல்லியிருக்கிறேன். முறுக்கு அக்கா, பள்ளியில் வாங்கும் கடிதம் இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாக வேண்டுமா?

மணப்பாறை முறுக்கு

தனித்தனியாக. இரண்டு பள்ளியிலும் தலைமையாசிரியர் கையெழுத்தும் சீலும் இருக்க வேண்டும். சீல் விட்டுப்போய் நான் ஒரு முறை திரும்ப அலைந்திருக்கிறேன்.